30,000 ரூபாய்க்கு டிவி வாங்குறதுக்கு முன்னாடி, உங்க போனை ஒரு தடவை பழைய டிவியோட கனெக்ட் பண்ணிப் பாருங்க



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில, சித்தி பையன் போன் பண்ணினான். ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை. கைக்கு வர்ற சம்பளம் 31,000.

"அண்ணா, 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி 30,000-க்கு வருது. நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 2,500. உங்க கார்டுல ஏதாவது ஆஃபர் இருக்கா?"

"இப்ப எதுக்குடா டிவி?"

"அப்பாவுக்குண்ணா. கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுலதான் இருக்காரு. போன்ல யூடியூப் பாத்து பாத்து கண்ணைக் கசக்கிட்டே இருக்காரு. டாக்டர் சின்ன ஸ்கிரீன் வேண்டாம்னுட்டாரு."

இதுக்கு 'வாங்காதே'ன்னு எப்படிச் சொல்றது? ஆடம்பரத்துக்கு வாங்கலை, அப்பாவுக்கு வாங்குறான். ஆனா அவன் ஏற்கெனவே பைக்குக்கு 3,900, போனுக்கு 2,100 இஎம்ஐ கட்டிட்டு இருக்கான். இதுவும் சேர்ந்தா மாசம் 8,500. சம்பளத்துல 27 சதவீதம் மூணு பொருளுக்கே போயிடும். வாடகையும் வீட்டுக்கு அனுப்புற பணமும் அதுக்கு அப்புறம்தான்.

அதனால ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இப்ப வீட்ல இருக்கிற டிவி என்ன ஆச்சு?"

"அது நல்லாத்தான் ஓடுது அண்ணா. 32 இஞ்ச். ஆனா ஸ்மார்ட் டிவி இல்லையே."

இன்னைக்கு கட்டுரை இந்த 'ஆனா' பத்திதான்.

நமக்குத் தேவை டிவியா, பெரிய ஸ்கிரீனா?

சித்தப்பாவுக்குத் தேவை யூடியூப் தெரியிற ஒரு பெரிய ஸ்கிரீன். ஸ்கிரீன் வீட்டுலயே இருக்கு. யூடியூப் போன்ல இருக்கு. நடுவுல ஒரு இணைப்புதான் இல்லை. அந்த இணைப்போட விலை பூஜ்யம் ரூபாயில் இருந்து சுமார் 5,000 ரூபாய்க்குள்ள முடியிற விஷயம். அதுக்காக 30,000 செலவு பண்றது, பூட்டுக்குச் சாவி தொலைஞ்சதுக்காகக் கதவையே மாத்துற மாதிரி.

மிரரிங் வேற, காஸ்டிங் வேற

போனை வயர் இல்லாம டிவியோட இணைக்க இரண்டு வழி இருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் தேவையில்லாத பொருளை வாங்குறாங்க.

முதல் வழி மிரரிங். போன் ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ, அது அப்படியே டிவியில தெரியும். வீட்டுல சமைச்ச சாப்பாட்டை டிபன் கேரியர்ல நாமே ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி. வேலை முழுக்க போனுக்குத்தான். போனை லாக் பண்ணினா படம் நின்னுடும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

ஆண்ட்ராய்டு போன்கள்ல இதுக்கான பொதுவான முறை மிராகாஸ்ட். வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2012-ல கொண்டுவந்தது. இதுல ஒரு பெரிய வசதி உண்டு. போனும் டிவியும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு வைஃபையில பேசிக்கும். நடுவுல ரவுட்டர் வேண்டாம், வீட்டுல பிராட்பேண்டும் வேண்டாம். போன்ல இருக்கிற கல்யாண வீடியோவை டிவியில போட ஒரு எம்பி டேட்டாகூடச் செலவாகாது.

இரண்டாவது வழி காஸ்டிங். இதுல போன் வெறும் ரிமோட்தான். "இந்த வீடியோவைப் போடு"ன்னு டிவிக்கு ஒரு தகவல் போகும். அதுக்கப்புறம் டிவியே இன்டர்நெட்ல இருந்து வீடியோவை எடுத்துக்கும். ஹோட்டல்ல ஆர்டர் பண்ணி அட்ரஸ் கொடுத்துட்டு நம்ம வேலையைப் பார்க்கிற மாதிரி. போனை லாக் பண்ணலாம், கால் பேசலாம், படம் ஓடிக்கிட்டே இருக்கும். ஆனா போனும் டிவியும் ஒரே வைஃபையில இருக்கணும், அந்த வைஃபையில இன்டர்நெட்டும் இருக்கணும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிங்க. ஐபோன்ல மிராகாஸ்ட் கிடையாது. அதுக்கு ஏர்பிளே வேணும். சாம்சங், எல்ஜி, சோனி டிவிகளில் 2019-க்குப் பிறகு வந்த பல மாடல்களில் ஏர்பிளே 2 இருக்கு. உங்க டிவியில அது இல்லைன்னாலும் யூடியூப் மாதிரி ஆப்களுக்குள்ள இருக்கிற காஸ்ட் பட்டன் ஐபோன்லயும் வேலை செய்யும். கூகுள் பிக்சல் போன் வைத்திருப்பவர்களுக்கும் மிராகாஸ்ட் கிடையாது, கூகுள் காஸ்ட் மட்டும்தான்.

ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி

1. டிவி ரிமோட்ல 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை அழுத்துங்க. வர்ற பட்டியல்ல ஸ்கிரீன் மிரரிங், ஸ்கிரீன் ஷேர், வைஃபை டிஸ்ப்ளே, மிராகாஸ்ட் இப்படி ஏதாவது பேர் இருக்கான்னு பாருங்க. இருந்தா உங்க செலவு பூஜ்யம். ரொம்ப வருஷமா இந்த வசதி இருக்கிறதே தெரியாம டிவி வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

2. போன்ல மேலே இருந்து கீழே இழுத்தா வர்ற பேனல்ல பாருங்க. சாம்சங் போன்ல 'ஸ்மார்ட் வியூ'ன்னு இருக்கும். மத்த கம்பெனி போன்கள்ல காஸ்ட், ஸ்கிரீன்காஸ்ட், வயர்லெஸ் டிஸ்ப்ளே மாதிரி பேர்ல இருக்கும். ஐபோன்ல கண்ட்ரோல் சென்டர்ல 'ஸ்கிரீன் மிரரிங்'.

3. டிவியில அந்த ஆப்ஷன் இல்லைன்னா டிவியோட பின்பக்கம் பாருங்க. எச்டிஎம்ஐ போர்ட் இருக்கா? இருந்தா ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள்ள பல மாடல் கிடைக்குது. காஸ்டிங்கும் மிரரிங்கும் எல்லா ஸ்டிக்லயும் ஒரே மாதிரி இருக்காது. வாங்குறதுக்கு முன்னாடி உங்க போனுக்குத் தேவையானது அதுல இருக்கான்னு பார்த்துக்கோங்க.

4. எச்டிஎம்ஐ-யும் இல்லாத பழைய குண்டு டிவியா? மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருந்தா எச்டிஎம்ஐ-யை ஏவி-யா மாத்துற கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். படம் ஓடும். ஆனா தெளிவு ரொம்ப சுமார்தான், எழுத்தெல்லாம் படிக்க முடியாது. அந்த டிவிக்கு மேல மேல பணம் போடாதீங்க.

ஒரு எச்சரிக்கை. "வைஃபையே வேண்டாம், டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக்கிறேன்"னு சில பேர் கிளம்புவாங்க. அந்த கேபிள் எல்லா போன்லயும் வேலை செய்யாது. போனோட டைப்-சி போர்ட்டுக்கு வீடியோவை வெளிய அனுப்பும் திறன் இருக்கணும். பட்ஜெட் போன்கள்ல பெரும்பாலும் அது இருக்காது. போன் மாடலோட விவரங்களைப் பார்க்காம கேபிள் வாங்கினா, அது டிராயர்லதான் தூங்கும்.

'நோ காஸ்ட்' இஎம்ஐ-யோட காஸ்ட்

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். தம்பி அனுப்பின ஆஃபரையே எடுத்துக்குவோம்.

டிவி விலை 30,000. கிரெடிட் கார்டுல 12 மாசம், மாசம் 2,500. மொத்தம் 30,000. பார்க்க வட்டியே இல்லாத மாதிரி இருக்கு. ஆனா பேங்க் வட்டி போடாம கடன் கொடுக்காது. ஆண்டுக்கு 16 சதவீத வட்டின்னு வெச்சுக்குங்க. அப்போ உள்ளே நடக்கிறது இதுதான்:

கடன் தொகை: சுமார் 27,554
12 மாச வட்டி: சுமார் 2,446
(இந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில தள்ளுபடி கொடுத்துடுறார். அதனால நம்ம கண்ணுக்கு வட்டி தெரியாது.)

கிரெடிட் கார்டு இஎம்ஐ-யில, வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதை யாரும் நமக்காகக் கட்ட மாட்டாங்க.

வட்டிக்கான ஜிஎஸ்டி: சுமார் 440
பிராசஸிங் ஃபீ 199 + ஜிஎஸ்டி: சுமார் 235
கூடுதல் செலவு: 675

"அட, 675 தானே?" அவசரப்படாதீங்க. அதே கடையில மொத்தமா பணம் கட்டினா 1,500 தள்ளுபடி. இஎம்ஐ எடுத்தா அது கிடையாது. அதாவது இன்னைக்கு 28,500-க்குக் கிடைக்கிற டிவிக்கு ஒரு வருஷத்துல 30,675 கட்டுறான். வித்தியாசம் 2,175. இதை வட்டி விகிதமா மாத்தினா ஆண்டுக்கு சுமார் 14 சதவீதம் வருது. நோ காஸ்ட்னு பேரு, பர்சனல் லோன் ரேட்டு!

இது நான் மட்டும் சொல்ற விஷயம் இல்லை. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இந்த மாதிரி திட்டங்கள்ல வட்டி பெரும்பாலும் பிராசஸிங் ஃபீ மாதிரி வேஷத்துல வாடிக்கையாளர் தலையிலதான் விழுதுன்னு வங்கிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பியிருக்கு.

இன்னொரு பக்கமும் பாருங்க. அதே 2,500-ஐ 12 மாசம் 6.5 சதவீத ஆர்டி-யில போட்டா, கையில சுமார் 31,000 இருக்கும். அடுத்த வருஷம் டிவி அவசியம்னு தோணினா, மொத்தப் பணம் கட்டி, தள்ளுபடியும் வாங்கி, மிச்சமும் வெச்சுக்கலாம்.

"ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே அண்ணா, இப்ப வாங்கினா லாபம்தானே?"ன்னு தம்பி கேட்டான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதம் ஆனது உண்மை. ஆனா விலை 10 சதவீதம் குறையாது. 128 ரூபாய் பொருள் 118 ஆகுது, அதாவது 7.8 சதவீதம். வாங்கியே ஆகணும்ங்கிறவங்களுக்கு அது நல்ல செய்தி. தேவையில்லாதவங்களுக்கு 7.8 சதவீதம் லாபம் இல்லை, 92.2 சதவீதம் செலவு.

தம்பி மாட்டிக்கிட்ட இடம்

நான் சொன்ன மாதிரி செய்றேன்னு சொல்லிட்டுப் போனவன், ரெண்டு நாள்ல மறுபடி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அண்ணா, நான் போன மாசமே ஒண்ணு ட்ரை பண்ணினேன். உங்ககிட்ட சொல்லலை. ஸ்கிரீன் மிரரிங்னு தேடி ஒரு ஆப் போட்டேன். மூணு நாள் ஃப்ரீ ட்ரையல். ஊர்ல இருக்கிற டிவியில வைஃபையே இல்லை, அதனால கனெக்டே ஆகலை. ஆப்பை டெலீட் பண்ணிட்டேன். இப்ப ஸ்டேட்மென்ட் பாத்தா வாராவாரம் 199 போயிருக்கு. அஞ்சு தடவை!"

995 ரூபாய். கனெக்டே ஆகாத ஆப்புக்கு! ஒரு வருஷம் கவனிக்காம விட்டிருந்தா 10,348. ரெண்டு ஸ்டிக் வாங்குற காசு.

இதுல ரெண்டு விஷயம் புரிஞ்சுக்கணும். முதல்ல, போன்லயே இந்த வசதி உள்ளே இருக்கும்போது தனி ஆப்புக்குப் பணம் கட்டத் தேவையே இல்லை. டிவியில ரிசீவ் பண்ற வசதி இல்லைன்னா எந்த ஆப்பாலும் அதை உருவாக்க முடியாது. ரெண்டாவது, ஆப்பை டெலீட் பண்ணினா சந்தா நிக்காது. ப்ளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போய் கேன்சல் பண்ணணும். ஐபோன்ல செட்டிங்ஸ்ல உங்க பேரைத் தொட்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ். யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தா உங்க யுபிஐ ஆப்லயும் போய் அந்த மேண்டேட்டை நிறுத்துங்க.

ஆட்டோபேல 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பின் கேட்காது. ஆனா பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும்ங்கிறது விதி. அந்த மெசேஜை நாம விளம்பரம்னு நினைச்சுத் தள்ளிவிட்டுடுறோம். தம்பியோட இன்பாக்ஸ்லயும் அது அஞ்சு தடவை வந்து கிடந்தது.

ஸ்கிரீன் கறுப்பா வந்தா பயப்படாதீங்க

கனெக்ட் ஆயிடுச்சு, யூடியூப் வருது, ஆனா காசு கட்டின ஓடிடி ஆப்பை மிரர் பண்ணினா சத்தம் மட்டும் வருது, படம் கறுப்பு. இது பழுது இல்லை. காப்பி அடிக்காம இருக்க அந்த ஆப்கள்ல பாதுகாப்பு இருக்கு. டிவி, ஸ்டிக், போன் மூணும் அதுக்கு ஒத்துப்போகலைன்னா படம் தெரியாது.

ஓடிடி பிளானையும் பாருங்க. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பர்ல விலை குறைச்சப்போ மொபைல் பிளான் 149, பேசிக் 199 ரூபாய்னு வெச்சாங்க. மொபைல் பிளான் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், டிவியில போட முடியாது. 50 ரூபாய் மிச்சம் பண்ணப் போய், டிவி பிளான் தனியா, மொபைல் பிளான் தனியான்னு ரெண்டு சந்தா கட்டுற வீடுகள் இருக்கு. அதோட, 2025 கடைசியில நெட்ஃபிளிக்ஸ் பெரும்பாலான டிவிகளுக்கு போன்ல இருந்து காஸ்ட் பண்ற வசதியை எடுத்துட்டாங்க. ரிமோட் உள்ள டிவியிலயும் ஸ்டிக்லயும் அவங்க ஆப்பையே நேரடியா திறக்கணும். அதனால 'காஸ்ட் வசதி இருக்கு'ங்கிற ஒரு வார்த்தையை நம்பி எதையும் வாங்காதீங்க. நீங்க தினமும் பார்க்கிற ரெண்டு ஆப் அதுல ஓடுதான்னு மட்டும் பாருங்க.

மறைஞ்சிருக்கிற செலவு: டேட்டா

ஸ்மார்ட் டிவி விளம்பரத்துல இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்மார்ட் டிவியோ ஸ்டிக்கோ, ரெண்டுக்கும் இன்டர்நெட் வேணும். பிராட்பேண்ட் மாசம் 400 முதல் 500 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி. வருஷத்துக்கு கிட்டத்தட்ட 5,700 முதல் 7,100 வரைக்கும் ஆயிடும். ஸ்டிக் விலையை விட இது அதிகம். 12 மாச இஎம்ஐ முடிஞ்சாலும் இது முடியாது.

பிராட்பேண்ட் இல்லாம போன் ஹாட்ஸ்பாட்லயே ஓட்டலாமா? ஓட்டலாம், அளவு தெரிஞ்சு ஓட்டணும். நெட்ஃபிளிக்ஸ் சொல்ற கணக்குப்படி, நடுத்தரத் தரத்துல மணிக்கு சுமார் 0.7 ஜிபி, எச்டி-யில 3 ஜிபி வரை, 4கே-யில 7 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி பேக் போட்டிருந்தா, நடுத்தரத் தரத்துல கிட்டத்தட்ட மூணு மணி நேரம். எச்டி-ன்னா ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 32 இஞ்ச் டிவியில, பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்கு நடுத்தரத் தரமே போதும்.

பாதுகாப்பு: உங்க ஓடிபி ஹால்ல தெரிய வேண்டாம்

மிரரிங்ல போன்ல வர்ற எல்லாம் டிவியில தெரியும். பேங்க் மெசேஜ், ஓடிபி, ஆபீஸ் சாட், எல்லாமே. மிரர் பண்றதுக்கு முன்னாடி 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுடுங்க. பிஜி-யில, அப்பார்ட்மென்ட்ல இருப்பவர்கள் டிவி பேரைச் சரியாப் பார்த்துட்டுத் தொடுங்க. பக்கத்து ரூம் டிவியும் அந்தப் பட்டியல்ல வரும்.

அதைவிட முக்கியம் ஒண்ணு. கனெக்ட் ஆகலைன்னு கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடிக் கூப்பிட்டீங்கன்னா, அது போலி நம்பரா இருக்க வாய்ப்பு உண்டு. எதிர்முனையில இருக்கிறவர் "ஒரு சின்ன ஆப் போடுங்க, நானே சரி பண்றேன்"னு சொன்னா உடனே கட் பண்ணுங்க. டிவியோட போனை இணைக்க, உங்க போன் ஸ்கிரீனை வெளியாள் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பணம் போயிட்டா தாமதிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க.

பழைய டிவியை, ஸ்டிக்கை விக்கும்போதும், வீடு காலி பண்ணும்போதும் ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டுக் கொடுங்க. உங்க கணக்கு அதுலயே லாகின் ஆகி இருக்கும்.

அப்போ புது டிவியே வாங்கக் கூடாதா?

அப்படி இல்லை. பேனல் போயிடுச்சு, ரிப்பேர் செலவு புது டிவி விலையில பாதிக்கு மேல வருது, இல்லைன்னா எச்டிஎம்ஐ-யே இல்லை, அப்படின்னா வாங்குங்க. அவசரகால நிதியைத் தொடாம, மொத்தப் பணமும் கையில இருந்தா தாராளமா வாங்குங்க. 'ஸ்மார்ட்' இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக, ஓடிக்கிட்டு இருக்கிற டிவியை ஓரம் கட்ட வேண்டாம். டிவிக்குள்ள இருக்கிற 'ஸ்மார்ட்' நாலஞ்சு வருஷத்துல பழசாயிடும், ஆப்கள் அப்டேட் ஆகாது. ஆனா ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கும். அப்பவும் நீங்க அதே ஸ்டிக்கைத்தான் வாங்கப் போறீங்க.

கடைசியில என்ன ஆச்சு?

தம்பி அடுத்த வாரம் திருக்கோவிலூர் போனான். கையில 3,600 ரூபாய்க்கு ஒரு ஸ்டிக். 2017-ல வாங்கின அந்த 32 இஞ்ச் டிவியோட பின்னாடி ரெண்டு எச்டிஎம்ஐ போர்ட் சும்மாவே இருந்தது. ஒண்ணுல தூசியைத் துடைச்சுட்டு சொருகினான். சித்தியோட போன்ல ஹாட்ஸ்பாட், வீடியோ தரம் நடுத்தரம். ரிமோட்ல மைக் பட்டனை அழுத்திப் பேசினா தேடும்னு சித்தப்பாவுக்குக் காட்டிக் கொடுத்தான்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு வீடியோ கால். சித்தப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு, சுவர்ல சாய்ஞ்சு ஒரு பழைய படம் பார்த்துட்டு இருக்கார். "என்னப்பா, புது டிவி வாங்கித் தர்றேன்னான், பழைய டிவிலயே வர வெச்சுட்டானே"ன்னு சிரிச்சார். திட்டுறாரா பாராட்டுறாரான்னு எனக்குச் சரியாத் தெரியலை. ஆனா கண்ணைக் கசக்கலை.

தம்பி அந்த 2,500-ஐ ஆர்டி-யில போட ஆரம்பிச்சிருக்கான். அதை டிவி ஃபண்டுன்னு சொல்லாதேன்னேன். அடுத்து சித்தப்பாவுக்கு இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் இருக்கு. அப்போ அந்தப் பணம் கார்டுல இல்லாம கையில இருக்கணும்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ரெண்டு வேலை செய்யுங்க. டிவி ரிமோட்ல சோர்ஸ் பட்டனை அழுத்திப் பாருங்க. போன்ல சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்க. ரெண்டுக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம் ஆகும். என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. இஎம்ஐ கணக்கை உங்க ஆஃபருக்கு எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.